குட்டை ரோடோடெண்ட்ரானை வீட்டுத் தோட்டத்தில் வளர்க்கும் முறை

சீனாவின் யுன்னான், சிச்சுவான் மாகாணங்களில், ஏறத்தாழ 2500 முதல் 4600 மீட்டர் வரை உயர்ந்த மலைச்சரிவுகளில், ரோடோடெண்ட்ரான் இம்பெடிட்டம் என்னும் குறுஞ்செடி பாய் விரித்தாற்போல் அடர்ந்து படர்ந்திருக்கிறது. முழங்கால் உயரத்துக்குள் அடங்கிவிடும் இச்செடியின் இலைகள் ஒரு சென்டிமீட்டர் அளவே இருக்கும். வசந்தத்தில் நீலம் கலந்த ஊதாப் பூக்கள் அந்த இலைகளே தெரியாதபடி மூடிவிடும். ஸ்காட்லாந்து போன்ற குளிர்ந்த, ஈரமான நாடுகளின் சிறு தோட்டங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பூச்செடி அரிது என்பது என் கருத்து. நீலகிரிச் சோலைகளில் செந்நிறப் பூக்களுடன் நிற்கும் ரோடோடெண்ட்ரான் மரமும் இதே பேரினத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும், குட்டைச் செடி நம் சமவெளி வெப்பத்தில் பிழைக்காது. இரவிலும் சூடு தணியாத ஊர்களில் இதை முயலாமல் இருப்பதே நல்லது.

இச்செடியை வளர்ப்பதில் கவனிக்க வேண்டியவை அனைத்தும் அதன் வேரைச் சார்ந்தவை. ஆணிவேர் இறங்காமல், மயிரிழை போன்ற மெல்லிய வேர்கள் மண்ணின் மேலடுக்கிலேயே பின்னிக் கிடப்பதால், மண் காய்ந்தால் முதலில் வாடுவதும், நீர் தேங்கினால் முதலில் அழுகுவதும் அவைதான். ஆகவே மண் ஈரத்தைப் பிடித்துவைக்க வேண்டும். அதே வேளையில் காற்றோட்டத்துக்கும் இடம் தர வேண்டும். அமிலத்தன்மையும் இன்றியமையாதது. மண்ணின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 4.5 முதல் 6 வரை இருப்பது நலம். அதைத் தாண்டினால் செடியால் இரும்புச்சத்தைப் போதிய அளவு எடுத்துக்கொள்ள முடியாமல், நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க இலைகள் மஞ்சளாகும். சுண்ணாம்பு மண் உள்ள தோட்டத்தில் அந்த மண்ணைத் திருத்தப் போராடுவதைவிட, அமில மண் செடிகளுக்கென விற்கப்படும் கலவையை நிரப்பிய அகன்ற தொட்டியில் வளர்ப்பதே அறிவுடைமை.

தரையில் நடுவதானால், தோட்ட மண்ணுடன் இலைமக்கையும் மக்கிய பைன் பட்டைத் தூளையும் தாராளமாகக் கலந்துகொள்ளுங்கள். களிமண் நிலத்தில் குழி தோண்டி நட்டால் அக்குழியே நீர்த்தொட்டியாகிவிடும் என்பதால், தரைக்கு மேலே பாத்தி உயர்த்தி நட வேண்டும். வேர்களும் அவற்றைப் பிடித்திருக்கும் மண்ணும் சேர்ந்த கட்டியை நடுவதற்கு முன் தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, அதன் மேற்பரப்பு மண்மட்டத்துடன் சமமாக இருக்கும்படி வையுங்கள். ஓரங்குலம் ஆழமாகப் புதைத்தாலும் வேர்கள் மூச்சுத் திணறும். பிறகு பட்டைத் தூளால் மூடாக்கு இடுங்கள். ஆனால் தண்டை ஒட்டிக் குவிக்க வேண்டாம். களைகளைக் கையால் பிடுங்க வேண்டுமே தவிர, செடியைச் சுற்றிக் கொத்தக் கூடாது.

குளிர்ந்த நாடுகளில் இச்செடிக்குத் திறந்த வெளிச்சம் ஏற்றது. அடர்ந்த நிழலில் கிளைகள் நீண்டு பூக்கள் குறையும். மொட்டு விடும் காலத்தில் உறைபனி படிந்த மொட்டுகள் மீது காலை வெயில் சட்டென விழுந்தால் அவை கருகக்கூடும். ஆகையால் கிழக்கு பார்த்த திறந்த இடத்தைத் தவிர்ப்பது நல்லது.

நீரைப் பொறுத்தவரை மழைநீருக்கு ஈடில்லை. கிளாஸ்கோவுக்கு வரும் லாக் கேட்ரின் ஏரி நீர் சுண்ணாம்பு குறைந்த மென்னீர் என்பதால் குழாய் நீரையே ஊற்றலாம். லண்டனின் குழாய் நீரோ சுண்ணாம்பு மிகுந்த கடினநீர். நீர் கொதிக்கவைக்கும் கெண்டியின் உட்புறத்தில் வெண்படிவு சேர்கிறதா என்று பார்த்தாலே உங்கள் ஊர் நீரின் தன்மை விளங்கிவிடும். அடுத்த ஆண்டுக்கான மொட்டுகள் கோடையின் பிற்பகுதியிலேயே உருவாகத் தொடங்குவதால், பூக்கள் ஓய்ந்துவிட்டன என்று அப்போது செடியை வறள விடக் கூடாது.

உரம் குறைவாகவே தேவைப்படும். வசந்தத்தில் அமில மண் செடிகளுக்கான மெல்லக் கரையும் உரத்தைச் சிறிதளவு இட்டால் போதும். சுண்ணாம்பும் மரச் சாம்பலும் அருகே வரக் கூடாது. கத்தரிப்பும் ஏறக்குறைய வேண்டியதில்லை. இலை ஓரங்கள் கடித்து வெட்டியதுபோல் தெரிந்தால் வைன் வீவில் என்னும் வண்டின் வேலையாக இருக்கலாம்; அதன் புழுக்கள் வேரைத் தின்பவை என்பதால், தொட்டிச் செடியாயின் உடனே மண்ணைச் சோதித்துப் பாருங்கள். செடியின் எல்லாப் பாகங்களும் நஞ்சுடையவை. குழந்தைகளும் செல்லப் பிராணிகளும் இலையையோ பூவையோ வாயில் வைக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.