கியூ ஜாயின்ட்டில் புளி போடாதீர்கள்

பித்தளை கறுத்தால் புளியும் விபூதியும், இரும்பு இறுகினால் ஒரு சொட்டு எண்ணெயும் என்பது திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் யாரும் சொல்லித்தராமலே கைக்கு வந்துவிடுகிற பழக்கம். மேசைமேல் பந்தடிக்கும் ஸ்னூக்கரோ பூலோ ஆடுகிறவர்கள், பந்தை அடிக்கும் கோலான கியூ ஒன்றைச் சொந்தமாக வாங்கியதும், அதன் இரண்டு பாகங்களும் திருகி இணையும் ஜாயின்ட்டிலும் இதே கைவைத்தியத்தைக் காட்டிவிடுகிறார்கள். நான் பார்த்த வரையில், ஆடித் தேய்ந்த ஜாயின்ட்டைவிடப் பராமரித்துக் கெட்ட ஜாயின்ட்டே அதிகம்.

புளித் தவறைச் செய்தவன் நானே. ஒரு திருக்கார்த்திகைக்கு முந்தைய நாள், பாளையங்கோட்டை வீட்டில் அம்மா குத்துவிளக்குகளைத் துலக்கி முடித்ததும், மிச்சமிருந்த புளிக்கரைசலால் என் ஸ்னூக்கர் கியூவின் பித்தளை ஜாயின்ட்டைத் தேய்த்துக் கழுவினேன். பித்தளை பொன்போல் மின்னியது. இரண்டு நாள் கழித்து, வளையத்தை ஒட்டிய ஆஷ் மரத்தில் நகத்தை ஓட்டியபோது, வழுவழுவென்றிருந்த இடத்தில் மரத்தின் ரேகைகள் எழும்பி நகத்தில் தட்டின. விளிம்பைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு ஒன்றும் விழுந்திருந்தது. விளக்கு முழுவதும் உலோகம். ஜாயின்ட்டிலோ பித்தளை என்பது மரத்துக்குள் பசையால் ஒட்டப்பட்ட சிறு துண்டுதான். நீர் அந்த விளிம்பு வழியாக இறங்கினால் மரம் ஊறிப் பருத்து, காயும்போது சுருங்கி, நாளடைவில் பசையின் பிடிப்பைத் தளர்த்திவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்த ஈரம் எளிதில் வெளியேறுவதும் இல்லை. கறுத்த பித்தளையால் ஆட்டத்துக்கு ஒரு குறையும் வராது. பளபளப்பு வேண்டுமென்பவர்கள் காய்ந்த பருத்தித் துணியால் அழுத்தித் தேய்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்தது எண்ணெய். பூல் கியூக்களில் பெரும்பாலும், கைப்பிடிப் பக்கத்துப் பாகமான ‘பட்’டில் மரையுள்ள எஃகு ஆணி நீட்டிக்கொண்டிருக்கும். அதை வாங்கும் மரை, முன்பாகமான ஷாஃப்ட்டுகள் சிலவற்றில் பித்தளைக் கூட்டிலும், வேறு சிலவற்றில் மரத்திலேயும் வெட்டப்பட்டிருக்கும். மரத்தில் வெட்டிய மரையில் தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விட்டால், மரம் அதைக் குடித்துவிடும். திரும்ப எடுக்க வழியில்லை. உலோக மரையிலும் எண்ணெய் வேறொரு கேடு செய்கிறது. பந்தைத் தொடும் நுனியான டிப்பில் தேய்க்கும் நீல சாக் பெயருக்குத்தான் சாக். அதில் சிலிக்காவும் அலுமினியம் ஆக்ஸைடும் சேர்ந்திருக்கும், அதாவது உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் துகள்களின் இனம். அந்தத் தூசி எண்ணெயில் கலந்தால், ஒவ்வொரு முறை திருகும்போதும் மரையை அரைக்கும் குழம்பு தயாராகிவிடும். போதாக்குறைக்கு, வழுக்கும் மரை ஆட்டத்தின் நடுவில் தானே இளகி, அடிக்கும்போது கையில் ஓர் அதிர்வைத் தரும். ஆணியை உலர்ந்த பழைய டூத் பிரஷ்ஷாலும், துளையைக் காது குடையும் பஞ்சுக் குச்சியாலும் துடைத்தாலே போதும். அதன் பிறகும் மரை கிறீச்சிட்டால், மெழுகுவர்த்தியை ஆணியில் லேசாக உரசி, இரண்டு முறை திருகிக் கழற்றி, பிதுங்கிய மெழுகைத் துடைத்துவிடலாம்.

இரண்டு பாகங்களும் முட்டிக்கொள்ளும் முகங்களைத்தான் பலர் கவனிப்பதே இல்லை. 58 அங்குலக் கியூ நடுவில் பிரிகிறது என்று கொள்வோம். ஜாயின்ட்டின் குறுக்களவு சுமார் 21 மில்லிமீட்டர். அதன் ஒரு விளிம்பில் 0.1 மில்லிமீட்டர் தடிப்புள்ள தூசிக் கட்டி சிக்கினால், 29 அங்குலம் தள்ளியிருக்கும் டிப் கணக்குப்படி 3.5 மில்லிமீட்டர் விலகும். ஆணியின் இறுக்கம் இதில் கொஞ்சத்தைத் தடுக்கும் என்றாலும், மேசையில் உருட்டும்போது கியூ துள்ளுவதற்கு இதுவே போதும். ஷாஃப்ட் நீளமான முக்கால் கியூவில் விலகல் இன்னும் கூடும். கியூ கோணிவிட்டது என்று கவலைப்படுமுன் இரண்டு முகங்களையும் துடைத்து மாட்டி மறுபடி உருட்டிப் பாருங்கள்.

அந்த முகத்தில் உப்புத்தாள் போடுவது கையால் திருத்த முடியாத தவறு. கையால் தேய்த்தால் ஓரங்கள் மழுங்கி முகம் உருண்டுவிடும். அச்சுக்குச் செங்குத்தான தட்டை முகம் கடைசலில் சுழலும்போதுதான் கிடைக்கும் என்பது அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைகிறவர்களுக்குத் தெரியும். தளர்ந்த ஜாயின்ட்டில் குழாய் மாட்டும் டெஃப்லான் டேப்பைச் சுற்றுவதும் இதே வகைதான். டேப் ஒரு பக்கம் தடித்து ஆணியை மையத்திலிருந்து தள்ளும். நண்பரின் ஷாஃப்ட்டை இரவல் வாங்கி மாட்டுகிறவர்கள் மரையின் கணக்கைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: 5/16 அங்குல ஆணியிலேயே அங்குலத்துக்கு 14 மரை உள்ளதும் உண்டு, 18 மரை உள்ளதும் உண்டு. முதல் சுற்று ஏறியதே என்று வலுவாகத் திருகினால் இரண்டு கியூவும் கெடும்.

இறுகிப்போன ஜாயின்ட்டுக்குக் குறடு ஆகாது. அதன் பல் வளையத்தைக் கடித்துவிடும். வெந்நீரும் நெருப்பும் கூடாது, ஏனெனில் எபாக்சி பசை சூட்டில் இளகும். அக்னி நட்சத்திர வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் கியூவைப் போட்டு வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான். ஜாயின்ட்டின் இருபுறமும் ரப்பர் கையுறை போட்டு இருவர் பிடித்து, வளைக்காமல் நேராகத் திருகினால் பெரும்பாலும் இளகிவிடும்.

தென்காசிச் சாரலானாலும் திருச்செந்தூர் உப்புக்காற்றானாலும், ஆட்டம் முடிந்ததும் கழற்றித் துடைத்து இரண்டு முனைகளுக்கும் மூடி போட்டுவிட வேண்டும். மூடி தொலைந்திருந்தால், புதியது வாங்கும்வரை பருத்தித் துணியைச் சுற்றி ரப்பர் பேண்ட் போடலாம். பிளாஸ்டிக் பையைக் கட்டினால் உள்ளே வேர்த்துவிடும்.