வியாழனின் காந்தப்புலத்தை வானொலியில் கேட்போம்: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு செய்முறை

வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் நான்குக்கும் வலுவான காந்தப்புலம் உண்டு. அந்தப் புலங்களில் பிறக்கும் வானொலி அலைகளில் பூமியின் தரைவரை வந்து சேர்பவை வியாழனுடையவை மட்டுமே. மற்ற மூன்றின் அலைகளும் 1 மெகாஹெர்ட்ஸை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருப்பதால், நம் வளிமண்டலத்தின் மேலே மின்னூட்டம் கொண்ட அடுக்கான அயனமண்டலம் அவற்றை உள்ளே விடாது. யுரேனஸின் காந்த அச்சு 59 பாகை சாய்ந்திருப்பதுகூட 1986இல் வாயேஜர் 2 அருகே போன பிறகுதான் தெரிந்தது. வியாழனைக் கேட்க விண்கலம் வேண்டாம். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப் பட்டணமும் கொஞ்சம் செம்புக் கம்பியும் போதும். படிவம் நான்கு, ஐந்து மாணவர்கள் தாராளமாகச் செய்யலாம்.

முதல் படி: எதைக் கேட்கப்போகிறோம்?

வியாழனின் நிலவான ஐஓவில் எரிமலைகள் ஓயாமல் வெடிக்கின்றன. அங்கிருந்து நொடிக்கு ஏறத்தாழ ஒரு டன் பொருள் வியாழனின் காந்தப்புலத்துக்குள் போய்ச் சேர்கிறது. அந்தப் புலத்தின் ஊடே ஐஓ நகரும்போது பெரும் மின்னோட்டம் உண்டாகிறது. காந்தக் கோடுகளைச் சுற்றிச் சுழலும் எலக்ட்ரான்கள் வியாழனின் துருவப் பகுதிகளுக்கு மேலே வானொலி அலைகளை வீசுகின்றன.

இதில் ஓர் அருமையான கணக்கு இருக்கிறது. அலையின் அதிர்வெண்ணை 2.8ஆல் வகுத்தால், அது பிறந்த இடத்தின் காந்த வலிமை காஸ் என்ற அலகில் கிடைத்துவிடும். நாம் கேட்கப்போவது 20.1 மெகாஹெர்ட்ஸ், அதாவது சுமார் 7 காஸ் உள்ள இடம். மலேசியாவில் நம் காலடியில் இருப்பது அரை காஸுக்கும் குறைவு. வியாழனின் இந்த அலைகள் 39.5 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வராது. அதையும் 2.8ஆல் வகுத்துப் பாருங்கள், 14 காஸ் வரும். வானொலியின் டயல் காந்தமானியாகவும் வேலை செய்கிறது!

இரண்டாம் படி: பொருள்கள்

30 மெகாஹெர்ட்ஸ் வரை பிடிக்கும், வெளி ஆன்டெனா செருகும் துளையுள்ள சிற்றலை வானொலி ஒன்று. எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) முறையில் கேட்கும் வசதி இருந்தால் நல்லது. எட்டு மீட்டர் செம்புக் கம்பி, டிவிக்குப் போடும் கோஆக்ஸ் கேபிள், பிவிசி குழாய்த் துண்டு, நைலான் கயிறு. வானொலி தவிர எல்லாமே பட்டணத்து ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும்.

மூன்றாம் படி: ஆன்டெனா

கம்பியைத் தலா 3.54 மீட்டர் நீளத்தில் இரண்டாக வெட்டுங்கள். நடுவில் பிவிசி துண்டை வைத்து இரண்டையும் அதில் கட்டுங்கள், ஒன்றையொன்று தொடக்கூடாது. கேபிளின் உள்கம்பியை ஒரு பக்கமும் வெளிவலையை மறுபக்கமும் பற்றவையுங்கள். பிறகு தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் வடக்கு தெற்காகக் கட்டுங்கள். கம்பியின் இரு முனைத் திசைகளிலும் ஆன்டெனாவுக்குக் காது மந்தம். வியாழன் நமக்குக் கிழக்கே எழுந்து ஏறக்குறைய தலைக்கு மேலாக மேற்கே போவதால், அதன் பாதை முழுவதும் நன்றாகக் கேட்கும் பக்கத்திலேயே அமையும். நிலநடுக்கோட்டை ஒட்டி வாழும் நமக்கு இது ஒரு கொடுப்பினை.

மின்னல் கண்ணில் பட்டால் உடனே கேபிளைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விடுங்கள். இதில் விளையாட்டே வேண்டாம்.

நான்காம் படி: இடம்

தாமான் வீடுகளுக்கு நடுவே வேண்டாம். போன் சார்ஜர், எல்இடி விளக்கு, இன்வெர்ட்டர் ஏர்கான் எல்லாம் இந்த அலைவரிசையில் இரையும். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய பள்ளித் திடலோ கோயில் திடலோ நல்லது. முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். போனதும் ஒரு சோதனை: ஆன்டெனாவைச் செருகும்போது சீரான இரைச்சல் கூட வேண்டும். அது பால்வீதியிலிருந்து வருவது. அது கேட்டால் உங்கள் ஆன்டெனா சரி.

ஐந்தாம் படி: நேரம்

பலர் கைவிடுவது இங்கேதான். தினமும் இரவில் காத்துக்கிடப்பதில் பயனில்லை. வியாழனின் அலைகள் உள்ளீடற்ற கூம்பின் சுவரில் மட்டும் பரவுகின்றன. அந்தச் சுவர் பூமியைக் கடக்கும்போதுதான் நமக்குக் கேட்கும். அதைத் தீர்மானிப்பவை இரண்டு: வியாழனின் எந்தத் தீர்க்கரேகை நம்மைப் பார்க்கிறது, ஐஓ எங்கே இருக்கிறது. ஐஓவின் பங்கை 1964இல் ஆஸ்திரேலியாவில் பிக் என்ற அறிவியலாளர் கண்டுபிடித்தார். வியாழன் தன்னைச் சுற்ற 9 மணி 55 நிமிடம், ஐஓ வியாழனைச் சுற்ற 42.5 மணி நேரம். ஐஓ வியாழனுக்குப் பின்னால் இருப்பதை 0 பாகை என்று கொண்டால், அது 90 பாகையை ஒட்டி இருக்கும்போது ஒரு நல்ல வாய்ப்பு, 240ஐ ஒட்டி இன்னொன்று. இரண்டுக்கும் பொருத்தமான தீர்க்கரேகையும் கூடி வர வேண்டும்.

நீங்களே கணக்குப் போட வேண்டியதில்லை. நாசாவின் ரேடியோ ஜோவ் திட்டம் முன்கணிப்புகளை வெளியிடுகிறது. அவை உலக நேரத்தில் இருக்கும், 8 மணி நேரம் கூட்டுங்கள்: 17:30 என்றால் நமக்கு மறுநாள் அதிகாலை 1:30. நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட வாய்ப்புகளையே தேர்ந்தெடுங்கள். அப்போது மாலை இடிமழை ஓய்ந்திருக்கும், தூரத்து நிலையங்களின் தொல்லையும் குறையும். அடுத்த நல்ல பருவம் 2027 பிப்ரவரியை ஒட்டி வருகிறது. வியாழன் அப்போது சூரியனுக்கு நேர் எதிரே நிற்கும்.

ஆறாம் படி: கேளுங்கள்

20.1ஐச் சுற்றி நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் நிறுத்துங்கள். ஒலியளவைத் தானாகச் சமன்செய்யும் ஏஜிசியை அணைக்க முடிந்தால் அணையுங்கள். இரண்டு வகை ஓசை வரும். ஒன்று, ஒரு நொடி அளவில் பொங்கிப் பொங்கி அடங்கும் இரைச்சல். மற்றது, தகரக் கூரையில் கைநிறையச் சரளைக்கல்லை வீசினாற்போல் சடசடக்கும்.

அது மின்னலாக இருந்தால்? பக்கத்தில் இன்னொரு சிறிய வானொலியை மத்திய அலையில், நிலையம் இல்லாத இடத்தில் வையுங்கள். ஒரே சமயத்தில் இரண்டிலும் வெடித்தால் மின்னல். 20.1இல் மட்டும் நிமிடக்கணக்கில் தொடர்ந்தால் நம்பிக்கை வையுங்கள்.

அப்புறம் போனில் பதிவு செய்து, நேரத்தை நொடிவரை குறித்துக்கொள்ளுங்கள். பீடோரிலோ கோல கெட்டிலிலோ இருக்கும் நண்பர் ஒருவரையும் அதே இரவில் பதிவு செய்யச் சொல்லுங்கள். இரண்டு பதிவுகளையும் கணினியில் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்து, மின்னல் இல்லை என்று உறுதியான பகுதியில் ஏற்ற இறக்கங்கள் பொருந்திவந்தால், நீங்கள் இருவரும் பிடித்தது வியாழனாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.