பழத்தை வெட்டியது யார்? உணவகத்துக்கு வைன் வாங்குகிற நம்மாக்களுக்கு

போன ஆவணியில் தங்கையின் மகன் தொலைபேசி எடுத்தான். "மாமா, வொந்தாஞ் வேலைக்குப் போகப்போறன். லா சப்பலில வான் வந்து ஏத்துமாம். பத்து நாள். படுக்கை, சாப்பாடு எல்லாம் அவையே குடுப்பினமாம்."

லா சப்பல் பாரிஸில் ஈழத் தமிழர் கடைகள் உள்ள பகுதி. வொந்தாஞ் என்றால் முந்திரிகை அறுவடை. தமிழ்நாட்டில் திராட்சை என்பார்கள். அவன் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் 2005 இல் இன்னொருவர் வாயிலிருந்து நான் கேட்டிருக்கிறேன். அவனுக்கு என்ன சொன்னேன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில், வைன் வாங்குகிறவனாக நான் செய்வதைச் சொல்லவேண்டும்.

பாரிஸில் நாற்பது இருக்கை உள்ள ஒரு உணவகத்தில் வேலை செய்கிறேன். கோப்பை கழுவத் தொடங்கி, குசினிக்குள் போய், இப்போது சாமான் வாங்கும் பொறுப்பும் என் தலையில். வைனும் அதில் அடக்கம். இந்த நகரத்தில் எத்தனையோ உணவகங்களின் குசினிகளில் நம்மாக்கள் இருக்கிறார்கள், சிலர் சொந்தமாகக் கடையும் நடத்துகிறார்கள். கிழமைக்கு எத்தனை பெட்டி வைன் நம் கையால் இறங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஓடர் கொடுக்கும் கைக்குக் கேள்வி கேட்கும் உரிமையும் உண்டு.

2005 புரட்டாதியில் ஷாம்பெய்ன் என்ற நுரைக்கும் வைன் செய்கிற பிரதேசத்தில், எபெர்னேப் பக்கம் மார்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பழம் வெட்டினேன். ஊரில் முந்திரிகை பந்தலில் தொங்கும். அண்ணாந்து பார்த்துத்தான் வெட்டவேண்டும். ஷாம்பெய்னில் கொடி தாழ்வு, குலை முழங்கால் உயரத்தில் கிடக்கும். காலை ஏழு மணிக்குக் குனிந்தால் நாள் முழுக்கக் குனிந்தபடிதான். சிலர் முழங்காலில் தவழ்ந்து போவார்கள். சாறு விரலில் ஒட்டி, அதன்மேல் சுண்ணாம்பு மண் படிந்து, மத்தியானத்துக்குள் கத்தரிக்கோல் கையோடு ஒட்டிக்கொள்ளும். இடது கையின் பெருவிரலில் அந்த வருடம் வெட்டிய தழும்பு இன்னும் இருக்கிறது.

அங்கே இயந்திரம் கூடாது. குலை நசுங்காமல் முழுதாக ஆலைக்குப் போகவேண்டும் என்பது ஷாம்பெய்ன் விதி. அதனால் ஏறக்குறைய 34,000 ஹெக்டேயர் தோட்டத்தையும் கையால்தான் வெட்டுகிறார்கள். ஒவ்வொரு வருடமும் ஒரு லட்சத்துக்கு மேல் ஆக்கள் வேண்டும், அதுவும் இரண்டு மூன்று கிழமைக்குள். தோட்டக்காரரால் தனியே இத்தனை பேரைத் தேட முடியாது. அவர் ஒரு ஒப்பந்தக்காரரைப் பிடிப்பார், அந்த ஆள் இன்னொருவரைப் பிடிப்பார், அடியில் நாங்கள். எங்கள் கொட்டிலில் பதினான்கு பேருக்கு ஒரு குழாய். படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் கழித்தார்கள். கடைசி நான்கு நாளின் காசு வரவேயில்லை. ஏற்றிப்போனவரின் தொலைபேசி எண் மறுகிழமை வேலை செய்யவில்லை. எங்கள் பெயர் தோட்டக்காரருக்குத் தெரிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

அது பழைய கதை என்று விடமுடியாது. 2023 புரட்டாதியில் நெல்-லெ-ரெபோன் என்ற ஷாம்பெய்ன் கிராமத்தில் 57 பேரை, பெரும்பாலும் மேற்கு ஆபிரிக்காவில் இருந்து வந்தவர்களை, மனிதர் இருக்கக்கூடாத இடத்தில் வைத்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள். 2025 ஜூலையில் ஷாலோன் நீதிமன்றம் மூன்று பேரை ஆட்கடத்தல் குற்றவாளிகள் என்று தீர்த்தது. அதே 2023 அறுவடையில், வெயில் முப்பது பாகையைத் தாண்டிய நாட்களில், ஷாம்பெய்னில் குறைந்தது நான்கு அறுவடைக்காரர் இறந்தார்கள்.

அதனால் நான் வைன் வாங்கும்போது முதல் கேள்வி மண்ணைப் பற்றியது அல்ல. விற்க வருகிறவரிடம் பிரெஞ்சில் கேட்பேன்: "கி ஆ வொந்தாஞ்ஜே?" யார் வெட்டினார்கள்?

பதில் பலவிதமாக வரும். "குடும்பமும் வருடா வருடம் வரும் அதே ஆக்களும்" என்றால் எத்தனை வருடமாக வருகிறார்கள், எங்கே தங்குகிறார்கள் என்று கேளுங்கள். உண்மையென்றால் அவரே ஆர்வமாகக் கதைப்பார், ஆக்களின் பெயரும் வரும். "பிறெஸ்ததேர்" என்று பதில் வந்தால் ஒப்பந்தக்காரர் என்று அர்த்தம். அதற்காகவே தள்ளிவிடாதீர்கள், ஒழுங்காகச் செய்கிற ஒப்பந்தக்காரரும் உண்டு. ஆனால் மூன்று விஷயம் விசாரியுங்கள். ஒவ்வொரு வருடமும் அதே நிறுவனமா? சம்பளம் மணித்தியாலத்துக்கா, கிலோவுக்கா? சமூகக் காப்புறுதிச் சான்று வாங்கி வைத்திருக்கிறாரா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் அறியமாட்டார்கள். ஒப்பந்தம் 5,000 யூரோவோ அதற்கு மேலோ என்றால், ஒப்பந்தக்காரர் தொழிலாளருக்கான பங்களிப்பைக் கட்டுகிறார் என்ற சான்றைத் தோட்டக்காரர் கேட்டு வாங்கவேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்தும் வாங்கவேண்டும். இது பிரெஞ்சுச் சட்டம். ஒழுங்கான தோட்டக்காரர் அந்தக் கடதாசியின் பெயரைக் கேட்டவுடனே "ஓம், கோப்பில் இருக்கிறது" என்பார்.

நான் ஏழு விற்பனையாளரைக் கேட்டேன். இருவர் சிரித்துப் பேச்சை மாற்றினார்கள். ஒருவர் உடனே எல்லாம் சரி என்றார், எதையும் விசாரிக்காமல். மூவர் விசாரித்துச் சொல்வதாகப் போய், ஒரே ஒருவர்தான் பதிலோடு திரும்பி வந்தார். மிச்ச ஒருவர் தானே தோட்டக்காரர், தன் ஆக்கள் தங்கும் வீட்டின் படத்தைத் தொலைபேசியில் காட்டினார். இந்தக் கடைசி இருவரிடம்தான் இப்போது ஷாம்பெய்ன் எடுக்கிறேன். விலை போத்தலுக்கு மூன்று யூரோ கூட.

"கையால் வெட்டியது" என்று லேபலில் பெருமையாகப் போட்டிருக்கும். வாடிக்கையாளர் அதைத் தரம் என்று எடுப்பார். எனக்கு அதைக் கண்டால் யாருடைய கை என்ற கேள்விதான் முதலில் வரும். போர்தோவிலும் தெற்கே லாங்டொக்கிலும் மிகப் பெரும் பகுதியை இயந்திரமே வெட்டுகிறது. இரவின் குளிரில் ஒரு சாரதி ஓட்டிமுடிக்கும் அந்த இயந்திரத்தைக் கேவலமாகப் பேசுகிறவர்களோடு நான் உடன்படமாட்டேன்.

போத்தலில் வாசிக்கவேண்டியதும் உண்டு. ஷாம்பெய்ன் லேபலின் ஓரத்தில், கண்ணாடி போட்டுத் தேடினால்தான் தெரிகிற அளவில், இரண்டு எழுத்தும் ஒரு இலக்கமும் இருக்கும். ஆர்.எம். என்றால் தன் தோட்டத்துப் பழத்தில் தானே செய்கிறவர். என்.எம். என்றால் பழம் விலைக்கு வாங்கியும் செய்கிறவர், பெரிய பெயர்கள் பெரும்பாலும் இதற்குள்தான். சி.எம். என்பது கூட்டுறவுச் சங்கம். ஆர்.எம். போட்டவர் எல்லாரும் நல்லவர் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்கலாம், நடுவில் ஆள் குறைவு. என்.எம். போத்தலில் பழம் எத்தனை தோட்டத்தில் இருந்து வந்தது என்று விற்பவருக்கே தெரியாமல் இருக்கும்.

பச்சைக் குறிகளைப் பற்றித் தெளிவாக இருங்கள். ஐரோப்பிய இலைக் குறி, பிரான்சின் ஏபி குறி இரண்டும் இயற்கை விவசாயத்துக்கு. செயற்கைப் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் கூடாது, தோட்டம் மாற மூன்று வருடம் எடுக்கும். ஆனால் பூஞ்சணத்துக்குச் செம்பு அடிக்கலாம். ஏழு வருடத்தில் ஹெக்டேயருக்கு 28 கிலோ என்பது ஐரோப்பிய எல்லை. செம்பு மண்ணில் கரைந்து மறையாது, தங்கிவிடும். எச்.வி.இ. என்ற குறியைக் கண்டு இயற்கை என்று ஏமாறாதீர்கள். அது பல்லுயிர், மருந்து, உரம், தண்ணீர் நான்கையும் புள்ளிபோட்டுப் பார்ப்பது, செயற்கை மருந்தைத் தடைசெய்யாது. மேலே சொன்ன எந்தக் குறியும் பழம் வெட்டியவர் எங்கே படுத்தார் என்று பார்ப்பதற்காக வந்ததல்ல. தொழிலாளரையும் சேர்த்துப் பார்க்கும் குறி வேண்டுமென்றால் டெரா விட்டிஸ், வின்யரோன் ஆங்கஜே இரண்டையும் தேடுங்கள். அதற்குப் பிறகும் கேள்வியை விடாதீர்கள்.

தென்னாபிரிக்க வைன் வாங்குகிறவர்கள் தொழிலாளரின் நிலையைப் பார்க்கும் ஃபெயார்ட்ரேட் குறியோ, 2002 இல் தொடங்கிய வீயெட்டா அமைப்பின் குறியோ இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே "டொப்" என்று ஒரு முறை இருந்தது. தோட்டத் தொழிலாளிக்குக் கூலியின் ஒரு பங்கை வைனாகவே கொடுப்பது. 1960களில் சட்டம் தடுத்த பிறகும் அது பல தோட்டங்களில் வெகுகாலம் ஓடியது. தாயின் குடியால் கருவிலேயே பாதிக்கப்பட்ட பிள்ளைகள் உலகத்திலேயே மிக அதிகமாக இருக்கும் இடங்களில் மேற்குக் கேப் மாகாணமும் ஒன்று.

இதை வாசித்த நாள் எனக்கு நித்திரை வரவில்லை. நான் கோப்பை கழுவிய ஒரு கடையில் சனி இரவு ஒரு மணிக்கு முதலாளி மிச்ச வைன் போத்தலை எங்கள் பக்கம் தள்ளுவார். கூடச் செய்த இரண்டு மணித்தியாலத்துக்கு அதுதான் கணக்கு. பரிசு என்று நினைத்தோம். என்னோடு நின்ற அண்ணை ஒருவர் அப்படித்தான் குடிக்கப் பழகினார், பிறகு வீடும் போய், பிள்ளைகளும் போய். சொந்தக் கடை வைத்திருக்கிற நம்மாக்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன்: மேலதிக நேரத்துக்குக் காசு கொடுங்கள், சம்பளச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். மிச்ச வைனைச் சமையலுக்கு எடுங்கள், வினாகிரி போடுங்கள். வேலையாளின் கையில் கூலியாகக் கொடுக்காதீர்கள்.

அடுத்து, குசினித் தராசை எடுங்கள். வெறும் போத்தல்களைக் கழுவி ஒவ்வொன்றாக நிறுத்துப் பாருங்கள். எங்கள் பட்டியலில் இருந்த ஒரு சிவப்பு வைன் போத்தல் 395 கிராம், அதே விலையில் இன்னொன்று 870. உள்ளே இரண்டிலும் அதே 75 சென்ரிலீற்றர்தான். ஒரு வைனின் கரியமில வாயுக் கணக்கில் பெரும் பங்கு கண்ணாடியினுடையது: மணலை உருக்க நெருப்பு, பாரத்தைத் தூக்க லொறி. ஷாம்பெய்னுக்காவது காரணம் இருக்கிறது, உள்ளே அழுத்தம் ஆறு வளிமண்டலம் வரை போகும். அவர்களே 2010 இல் 900 கிராமை 835 ஆக்கினார்கள். நுரைக்காத வைனுக்கு 870 கிராம் கண்ணாடி வெறும் ஆடம்பரம். சில பெரிய சில்லறைக் கடைகள் 2026 முடிவதற்குள் சராசரியை 420 கிராமுக்குக் கீழே கொண்டுவர ஒப்புக்கொண்டிருக்கின்றன. நான் அந்தப் பாரமான போத்தலை வாங்குவதை விட்டுவிட்டேன். கிளாஸில் ஊற்றும் அன்றாட வைனைப் பெட்டிக்குள் பையில் வருவதாக எடுக்கிறேன், திறந்து பல கிழமை கெடாது, கொட்டுவதும் குறைந்துவிட்டது.

சரி, மருமகனுக்கு வருவோம். அந்த வாகனத்தில் ஏறாதே என்று மட்டும் சொன்னால் அவன் கேட்டிருக்கமாட்டான், அவனுக்குக் காசு வேண்டும். இப்படிச் சொன்னேன்.

கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் கையில் வருமுன் பாரிஸை விட்டு வெளிக்கிடாதே. அறுவடைக்கென்றே ஒரு ஒப்பந்தம் இருக்கிறது, ஒரு மாதம் வரைக்கும். அதில் சம்பளம் தருகிறவரின் பெயர் யாருடையது என்று பார். ஏற்றிப்போகும் ஆளும் அந்தப் பெயரும் வேறாக இருந்தால் ஏன் என்று கேள். கிலோ கணக்கில் கூலி என்றாலும், வேலை செய்த மணித்தியாலத்துக்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்சச் சம்பளத்தைவிடக் குறையக்கூடாது, 2025 இல் அது கழிவுகளுக்கு முன் 11.88 யூரோ. கடவுச்சீட்டையோ அட்டையையோ யாரிடமும் கொடுக்காதே, பிரதியை மட்டும் கொடு. குழாய்த் தண்ணீர் இல்லாத தோட்டம் என்றால் ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது மூன்று லீற்றர் குடிதண்ணீர் தரவேண்டும், 2025 ஜூலை 1 முதல் வெப்ப நாட்களுக்கான விதி இது. தலை சுற்றினால் வரிசையை விட்டு வெளியே வா, யார் கத்தினாலும் சரி. பக்கத்தில் ஒருவர் வேர்க்காமல் உளறத் தொடங்கினால் நிழலுக்கு இழுத்துப் போட்டு அவசர மருத்துவ உதவிக்கு 15 ஐ அழை.

இரண்டு நாள் கழித்து அவன் வேலைவாய்ப்பு நிலையம் வழியாக ஒரு தோட்டக்காரரை நேரே பிடித்துவிட்டான். ரயிலில் போனான். போகும்போது நாற்பது பக்கக் கொப்பி ஒன்றும் பேனையும் கொடுத்துவிட்டேன். தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடைவேளை நேரம், அன்று வரிசையில் நின்றவர்களின் பெயர், எல்லாவற்றையும் அன்றன்றே எழுதச் சொன்னேன். சம்பளம் வராவிட்டால் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போக மூன்று வருடம் தவணை உண்டு. ஆனால் அங்கே முதலில் கேட்பது எந்த நாள், எத்தனை மணித்தியாலம் என்பதைத்தான். 2005 இல் என்னிடம் அந்த நான்கு நாளுக்கு எழுதிய ஒரு வரிகூட இருக்கவில்லை.