தையல் லைன் பொறுப்புக்கு வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூர் பின்னலாடைத் தொழிலில் டெய்லராகத் தொடங்கிச் சூப்பர்வைசர் ஆனவன் நான். புதிதாகப் பொறுப்பேற்கும் இளைஞர்கள் என் பழைய பிழைகளையே திரும்பச் செய்வதைக் காண மனம் பொறுக்கவில்லை. நேரம் தவறாமை, மரியாதையான பேச்சு ஆகியவை எல்லோரும் அறிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

குறை சொல்ல வருபவரின் வாயை அடைப்பது

ஒருமுறை, வெட்டிய துண்டுகளின் கட்டில் ஒட்டும் பண்டல் ஸ்டிக்கர் மாறியதால், ஒரு சாய லாட்டில், அதாவது ஒரே தடவையில் சாயமேற்றிய துணியில், வெட்டிய பாடியும், சற்றே நிறம் மாறிய வேறு லாட்டில் வெட்டிய கையும் கலந்து லைனுக்கு வந்துவிட்டன. டியூப்லைட் வெளிச்சத்தில் அந்த நிற வேறுபாடு எளிதில் புலப்படாது. ஆயினும் செக்கிங்கில் இருந்த அக்கா முதல் பண்டலிலேயே அதைக் கண்டுவிட்டார், கண்டும் சொல்லவில்லை. முந்தைய வாரம்தான், தையல் விட்டுப்போவதை அவர் சொல்ல வந்தபோது, லைன் முழுவதும் கேட்கும்படி, "உங்க வேலையை மட்டும் பாருங்க" என்று நான் கடிந்திருந்தேன். இறுதிச் சோதனையில் பிழை தெரிந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட பீஸ்கள் தைத்து முடிந்திருந்தன. கைகளைப் பிரித்து, புதிதாக வெட்டித் தைப்பதற்குள் தூத்துக்குடியில் ஏற வேண்டிய கப்பல் போய்விட்டது. சரக்கை விமானத்தில் அனுப்பியதில் அந்த ஆர்டரின் லாபம் முழுவதும் கரைந்தது.

"சொன்னா மறுபடியும் திட்டுவீங்கன்னு விட்டுட்டனுங்க சார்" என்றார் அவர். அந்தச் சொல் இன்றும் என்னை உறுத்துகிறது.

டொயோட்டா ஆலைகளில் குறையைக் காணும் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம். குறை தீராவிட்டால் லைனே நிற்கும். நம் லைனில் அந்தக் கயிறு சூப்பர்வைசரின் முகம்தான். ஒவ்வொரு மணி நேரத்துக்குமான டார்கெட் பின்தங்கியிருக்கும் நேரத்தில் ஒருவர் குறையோடு வந்தால் எரிச்சல் எழுவது இயல்பே, அதை அடக்கி, "எந்த பண்டல்?" என்று மட்டும் கேட்டு, உடன் சென்று பார்த்து, எல்லோர் முன்னிலையிலும் நன்றி சொல்லப் பழகுங்கள். அவர் சொன்னது தவறாக இருந்தாலும் நன்றி சொல்லத்தான் வேண்டும். இது எனக்குக் கைவர இரண்டு ஆண்டுகள் ஆயின.

பாராட்டைத் தனதாக்கிக்கொள்வது

வேண்டாம். தைத்தவர்களுக்கு உண்மை தெரியும்.

பழைய நண்பர்களுக்குச் சலுகை

நேற்றுவரை பக்கத்து மெஷினில் இருந்தவருக்கு எளிய வேலையை ஒதுக்கினால், அன்றைக்கே லைன் இரண்டாகப் பிரிந்துவிடும்.

தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டுவது

ஓவர்லாக் மெஷினில் ஊசியோடு சேர்ந்து தையல் கோக்கும் லூப்பரின் டைமிங்கைச் சரியாக வைக்க எனக்கு இன்றும் தெரியாது. மெக்கானிக்கை அழைத்து, அருகில் நின்று பார்க்கிறேன்.