விண்ணப்பிக்குமுன் கம்பனியின் பெயரைத் தேடுங்கள்

பிரித்தானியாவில் மனிதவள ஆய்வாளர் வேலை தேடுகிறவர்கள் விளம்பரத்திலிருந்து தொடங்காதீர்கள். வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க விசா அனுசரணை வழங்க அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். அந்நாட்டு அரசின் இணையத்தளத்தில் அது இலவசம். தரவிறக்கி எக்செலில் திறந்து, ‘ஸ்கில்ட் வேர்க்கர்’ (திறன்சார் தொழிலாளர் விசா) வகையும் ‘ஏ’ தரமும் (விதிகளை முழுதாகப் பின்பற்றும் நிறுவனத்துக்கான தரம்) உள்ள வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த நிறுவனங்களின் வேலைவாய்ப்புப் பக்கங்களுக்கு நேரே போங்கள்.

அனுமதி இல்லாத நிறுவனம், உங்களை எவ்வளவு பிடித்திருந்தாலும், விசாவுக்குத் தேவையான அனுசரணைச் சான்றிதழைத் தர முடியாது. அதனால் பாதி விண்ணப்பங்களை எழுதாமலே தவிர்க்கலாம். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ “கம்பனி பிடித்துத் தருகிறேன்” என்று யாராவது காசு கேட்டாலும் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பட்டியலைத்தான். பெயர் இருந்தால்கூட, வேலை உண்மையா என்று அந்த நிறுவனத்திடமே கேட்டுவிடுங்கள்; பட்டியலிலுள்ள பெயரை யாரும் எடுத்துச் சொல்லலாம்.

பட்டியலில் இருக்கும் நிறுவனம் எல்லா வேலைக்கும் அனுசரணை தராது. 2025 ஜூலை 22 முதல், சில விதிவிலக்குகள் தவிர, பட்டதாரி மட்டத் தொழில்களுக்கே விசா. ஆண்டுச் சம்பளமும் பொதுவாக 41,700 பவுண்டு அல்லது அந்தத் தொழிலுக்குரிய தொகை, இரண்டில் எது கூடவோ அது. ‘ஆய்வாளர்’ என்ற ஒரே பெயர் வெவ்வேறு தொழிற்குறியீடுகளில் (விசாவுக்காக ஒவ்வொரு தொழில் வகைக்கும் உள்ள எண்) வரும் என்பதால், முதல் மின்னஞ்சலிலேயே குறியீட்டைக் கேளுங்கள். வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் பட்டம் முடித்த கையோடு முயல்பவர்களுக்குச் சம்பள வரம்புதான் பெரிய முட்டுக்கட்டை. கட்டார், டுபாய் வேலைகளுக்கு இந்தப் பட்டியல் உதவாது. அங்கே முறை வேறு.