வெயில் ஏறுவதற்குள் ஒரு பித்தளைச் சொம்பு: வடசென்னையில் பழைய பொருள் வாங்கும் முறை

பழைய பொருள் சேர்ப்பது காசுள்ளவர்களின் வேலை என்று ஒதுங்கி நிற்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஒரு சின்னச் சொம்பு வாங்குமளவு பணமும் அரை நாளும் இருந்தால் போதும்.

1. நேரமும் பையும்

பெரும்பாலும் மே 4 முதல் 28 வரை கத்திரி. அந்த நாட்களில் கடை திறக்கும்போதே போய், உச்சி வெயிலுக்கு முன் திரும்பிவிடுங்கள். முடியாவிட்டால் நாலு மணிக்கு மேல் கிளம்புங்கள். தடிமனான துணிப்பை, சுற்றிக் கட்டப் பழைய செய்தித்தாள், சில்லறை நோட்டுகள், தண்ணீர், அப்புறம் ஒரு சின்னக் காந்தம் கையில் இருக்கட்டும்.

2. எங்கே தொடங்குவது

சென்ட்ரல் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். பழம்பொருளுக்குப் பேர்போன மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையானது. அந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் நிலையம் இருக்கிறது. மார்க்கெட்டின் பெயர் மட்டும் நிலையத்தோடு ஒட்டிக்கொண்டது. வியாபாரிகளுக்கு அருகிலேயே அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். பழைய புத்தகம் தேடுகிறவர்கள் முதலில் அங்கே போகலாம்.

எனக்குப் பிடித்தது சௌகார்பேட்டை. பழைய பித்தளையைப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கிப் போவது நம் வீடுகளில் காலகாலமாக நடப்பதுதானே? அப்படி வந்தவை மின்ட் தெருப் பக்கத்துப் பாத்திரக் கடைகளின் மூலையில் குவிந்து கிடக்கும். புதுப் பாத்திரங்களைத் தாண்டி, "பழசு ஏதாவது இருக்காண்ணே?" என்று கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். தெருமுனைக் காயலான் கடையையும் விடாதீர்கள்.

3. கையும் காதும்

பாத்திரத்தில் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் அது இரும்பின்மேல் பூசிய முலாம். ஒட்டாவிட்டால் விரல் கணுவால் தட்டுங்கள். வெண்கலம் கணீரென்று நீளமாக ஒலிக்கும். பித்தளையின் ஓசை சீக்கிரம் அடங்கும். எதுவானாலும் "பொத்" என்று கேட்டால் விரிசல் இருக்கலாம். ஊறுகாய் ஜாடிக்கும் இதே சோதனைதான். பிறகு பாத்திரத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அதில் தண்ணீர் நிற்காது. அடியில் பற்றவைத்த தடம் இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள்.

இனி விளிம்பைப் பாருங்கள். அந்தக் காலத்தில் உளியால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டுவார்கள். இப்போது மெஷினில் வெட்டும் எழுத்து ஒரே சீராக இருக்கும். கையால் வெட்டியதில் ஒரு புள்ளி ஆழமாகவும் அடுத்தது மேலோட்டமாகவும் விழுந்திருக்கும். விரல் நுனியிலேயே வித்தியாசம் தெரியும். பெயர் வெட்டிய பாத்திரத்தைக் குறையாக நினைத்துச் சிலர் ஒதுக்குகிறார்கள். நான் அதைத்தான் தேடி எடுப்பேன்.

4. விலை பேசுவது

"அண்ணே, இது எடைக்கா, உருப்படிக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. எடைக்கு என்றால் அன்றைய பழைய பித்தளை விலையைக் கேட்டுக்கொண்டு, அதற்கு மேல் கொஞ்சம் கொடுப்பது நியாயம். வேலைப்பாடு இருந்தால் இன்னும் கூடும். காலையில் போணி ஆகாத கடையில் வாங்கும் எண்ணம் இல்லாமல் பேரத்தில் இறங்காதீர்கள். அது அவருடைய நாளையே கெடுக்கும்.

ஓர் எச்சரிக்கை. பழைய சாமி சிலைகளைத் தொடவே தொடாதீர்கள். நூறு ஆண்டு கடந்த சிலைகள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத சிலை வீட்டுக்கு வேண்டாம்.

5. வீட்டுக்கு வந்த பிறகு



வாங்கியதைப் புளி, உப்பு போட்டுத் தேயுங்கள். சமைக்கப் போகிறீர்கள் என்றால் ஈயம் பூசாமல் அடுப்பில் ஏற்றக் கூடாது. சமையலில் புளிப்பு பட்டால் பித்தளை களிம்பேறும். பூசுவது வெள்ளீயம்தானா என்று ஈயம் பூசுகிறவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், காரீயம் நஞ்சு. பாத்திரத்தைச் சூடாக்கி, ஈயம் ஒட்டுவதற்காக நவச்சாரம் என்ற உப்பைத் தூவி, ஈயத்தை உருக்கிப் பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். கண் முன்னாலேயே உட்புறம் வெள்ளி போல் மாறும்.

போன கோடையில் நான் வாங்கிய சொம்பு கன்னங்கரேலென்று இருந்தது. மூன்றாம் தடவை புளி போட்டுத் தேய்த்தபோதுதான் கழுத்தில் ஒரு பெண்ணின் பெயரும் 1958 என்ற ஆண்டும் தெரிந்தன. கல்யாணச் சீராக வந்திருக்க வேண்டும். இப்போது எங்கள் வீட்டில் விருந்தாளிகளுக்குத் தண்ணீர் அதில்தான், எவர்சில்வர் தம்ளரோடு.