ஊருக்குக் கொடுத்த பணம்: வரிக் கழிவில் எங்கே கோட்டை விடுகிறோம்?

ஜூலையில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய உட்காரும்போதுதான் பலருக்கும் ஊருக்குக் கொடுத்த பணம் நினைவுக்கு வரும். பள்ளியில் வகுப்பறை கட்டவோ, நூலகத்தைப் புதுப்பிக்கவோ கொடுத்திருப்பார்கள். "அதைக் காட்டினால் வரி எவ்வளவு குறையும்?" என்று உறவினர்கள் கேட்கும்போது நான் சொல்லும் பதில் பெரும்பாலும் அவர்களுக்கு ஏமாற்றம்தான்.

கொடுத்த தொகை அப்படியே வரியில் கழிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். நன்கொடைக்குக் கழிவு தரும் வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவில் கழிவது வருமானம்தான், வரி அல்ல. அரசுக்கோ உள்ளாட்சி அமைப்புக்கோ அறப்பணிக்காகத் தரும் பணத்துக்குப் பொதுவாகப் பாதிதான் கழிவு. அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு: மற்ற கழிவுகள் போக மிஞ்சும் வருமானத்தில் 10 சதவீதம். ஒருவருக்கு அப்படி மிஞ்சுவது 8 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஊர்ப் பள்ளிக்காக 1 லட்சம் தந்தால், கணக்கில் சேர்வது 80,000. அதில் பாதி, 40,000, வருமானத்தில் குறையும். 20 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்தால் மிச்சமாவது 8,320 ரூபாய். மீதி 20,000-ஐ அடுத்த ஆண்டுக்குத் தள்ளிக்கொள்ளவும் வழியில்லை. பெரிய தொகை என்றால் மார்ச்சில் கொஞ்சம், ஏப்ரலில் கொஞ்சம் என்று இரண்டு நிதியாண்டுகளாகப் பிரித்துத் தருவது நல்லது.

இவ்வளவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். 2023-24 முதல் நாம் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் புதிய முறைதான் பொருந்தும். அதில் 80ஜி கிடையாது. நன்கொடை ஒன்றுக்காகப் பழைய முறைக்குத் தாவினால் கையைச் சுட்டுக்கொள்ளவும் கூடும். இரண்டிலும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சரி, பணம் யார் கைக்குப் போகிறது? தமிழ்நாட்டில் 1997-இல் தொடங்கிய 'நமக்கு நாமே' திட்டத்தில், வேலையின் மதிப்பீட்டில் பொதுவாகக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தருவார்கள், மீதியை அரசு போடும். 9 லட்ச ரூபாய் வேலைக்கு ஊர்ப்பங்கு 3 லட்சம். இந்த 3 லட்சத்தைத் திரட்டும் விதத்தில்தான் குளறுபடி எல்லாம். ஊரில் நம்பிக்கையான ஒருவர் கணக்குக்கு எல்லோரும் ஜிபே செய்வார்கள். அவர் மொத்தமாகக் கட்டுவார், ரசீதும் அவர் பெயரில் வரும். முப்பது பேர் கொடுத்திருந்தாலும் ரசீதில் பெயர் இல்லாத இருபத்தொன்பது பேர் கழிவு கேட்க முடியாது. மொத்தத் தொகையையும் தன்னுடையதாக அவர் காட்டினால் அதுவும் தப்பு. ஆளாளுக்குத் தனித்தனியாகக் கட்டி, அவரவர் பெயரில் ரசீது வாங்குவது தொல்லைதான், ஆனால் வேறு வழி இல்லை.

ரொக்கத்தில் 2,000 ரூபாய்க்குமேல் கொடுத்தால் கழிவு இல்லை. இதையும் பலர் தப்பாகவே புரிந்துகொள்கிறார்கள். 5,000 ரொக்கமாகத் தந்தால் 2,000-க்கு மட்டுமாவது கிடைக்கும் என்று நினைப்பார்கள். ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. பொருளாகத் தருவதும் அப்படித்தான். சிமெண்ட் மூட்டை இறக்கியது, ஜேசிபி வாடகையை ஏற்றுக்கொண்டது, ஏன், அரைக் காணி நிலத்தையே எழுதிவைத்தது என எதுவும் 80ஜியில் சேராது. ஊர் வாழ்த்தும், வருமான வரித்துறை கண்டுகொள்ளாது.

அறக்கட்டளை வழியாகக் கொடுப்பவர்கள் இன்னும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். "எங்களுக்கு 12ஏ இருக்கிறது" என்று சொன்னதும் தலையாட்டிவிடாதீர்கள். அது அறக்கட்டளையின் சொந்த வருமானத்துக்கான விலக்கு. கொடுப்பவருக்குக் கழிவு வேண்டுமென்றால் 80ஜி அனுமதி தனியாக இருக்க வேண்டும், அதுவும் காலாவதி ஆகாமல். பழைய துண்டறிக்கையை அப்படியே அச்சடித்து '35ஏசி, 100 சதவீதம்' என்று யாராவது நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 2017 மார்ச்சுக்குப் பிறகு கட்டிய பணத்துக்கு 35ஏசி என்ற அந்தப் பிரிவின் முழுக் கழிவு இல்லை. கிராம வளர்ச்சிப் பணிக்கு முழுக் கழிவு தரும் 80ஜிஜிஏ என்ற பிரிவு இருக்கிறது. ஆனால் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குத்தான் அது பொருந்தும். கடையோ தொழிலோ நடத்தி வருமானம் காட்டுபவர்கள் கேட்க முடியாது. உள்ளூரில் அள்ளிக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் கடைக்காரர்கள்தான் என்பதை நினைத்தால் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது.

அறக்கட்டளை தரும் சாதா ரசீதும் போதாது. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று அறக்கட்டளை வருமான வரித்துறைக்குப் பட்டியல் அனுப்பி, நிதியாண்டு முடிந்த மே 31-க்குள் 10பிஇ என்ற சான்றிதழைத் தர வேண்டும். உங்கள் பான் எண்ணில் ஓர் எழுத்து தப்பினாலும் இரண்டு பக்கக் கணக்கும் ஒத்துப்போகாது. அதனால் பணம் தரும் அன்றே பான் எண்ணை எழுதிக் கொடுங்கள். ஜூன் முதல் வாரம் வரை சான்றிதழ் வராவிட்டால் போன் போட்டுக் கேளுங்கள். ஜூலை 30 இரவு கேட்டால் யாரும் எடுக்க மாட்டார்கள்.

அப்புறம், கொடுக்காத பணத்துக்கு ரசீது வாங்கித் தருகிறேன் என்று கிளம்பும் ஆட்கள் இருக்கிறார்கள். வருமானத்தைத் தவறாகக் காட்டியதாகப் பிடிபட்டால், ஏய்த்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம். அதைக் கட்டப்போவது நீங்கள், ரசீது எழுதித் தந்தவர் அல்ல.

இங்கே நான் சொன்ன பிரிவு எண்களெல்லாம் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளவை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து எண்கள் மாறுகின்றன. அந்தத் தேதிக்குப் பிறகு கொடுத்த பணத்துக்குப் படிவம் நிரப்பும்போது ஆடிட்டரிடம் புது எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள்.